பாண்டுக்காரர் வீட்டுக் கோழிக்குஞ்சுகள்

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் வசந்தா குடையைக்கூடச் சரியாக விரிக்காமல் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கோழிப் பண்ணையில் இப்போது வேலை பார்க்கிறவள். கரண்ட் போய்விட்டதாம், குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் விளக்குகள் அணைந்துவிட்டனவாம். "அக்கா, கரண்டே இல்லாத காலத்துல நீங்கல்லாம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள். மண்பானையில் வெந்நீர் ஊற்றி, வாயை மூடி, சாக்கைச் சுற்றிக் குஞ்சுகளுக்கு நடுவில் வைக்கச் சொல்லி அனுப்பினேன். குஞ்சுகள் பிழைத்தன. மறுவாரம் வந்து, "இதையெல்லாம் எழுதிக் கொடுங்களேன்" என்றாள்.

செய்ய வேண்டியதை மட்டும் எழுதினால் ஒரு பக்கம்கூட நிறையாது. ஆனால் அதில் பாதிக்கு மேல் நான் ஒரே வீட்டில் கற்றுக்கொண்டது. அதனால் அந்த வீட்டைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் குழித்துறைப் பக்கம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஆசிரியைப் பயிற்சிக்கு மனுப்போட்டேன், இடம் கிடைக்கவில்லை. விவசாய இலாகாவில், வீடு வீடாகப் போய்க் கோழி வளர்ப்புச் சொல்லிக் கொடுக்கப் பெண்கள் வேண்டும் என்றார்கள். அடுப்படிவரை போய் வீட்டுக்காரியிடம் பேச ஆண்களால் முடியாதல்லவா? மதராஸ் பக்கம் ஒரு பண்ணையில் சில மாதங்கள் பயிற்சி. விளக்குத் திரியை ஒழுங்காகக் கத்தரிக்கவும், எச்சத்தின் நிறம் பார்த்து நோய் சொல்லவும் தெரிந்துகொண்டு திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தேன். மகள் சர்க்கார் உத்தியோகம் பார்க்கிறாள் என்று அப்பா எல்லாரிடமும் சொல்வார். என்ன உத்தியோகம் என்று யாராவது கேட்டால் பேச்சை மழையின் பக்கம் திருப்பிவிடுவார். ஊரில் ஜனங்கள் அதிகம் யோசிக்காமல் எனக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: கோழி டீச்சர். ஓய்வு பெறும்வரை அந்தப் பெயர்தான்.

அது யுத்த காலம். நாட்டு முட்டையெல்லாம் பட்டாளத்து முகாம்களுக்குப் போய்விடும்; பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்க ஒரு முட்டை கிடைப்பது கஷ்டம். அதனால் இலாகா, சீமைக் கோழிக்குஞ்சுகளை வீடுகளுக்குக் கொடுத்து வளர்க்கச் சொன்னது. வெளியூர்ப் பண்ணையில் பொரித்த குஞ்சுகள், பக்கவாட்டில் துளை போட்ட அட்டைப்பெட்டியில் ரயிலேறித் தம்பானூர் ஸ்டேஷனுக்கு வரும். பொரித்து வரும்போது குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள் கரு கொஞ்சம் மிச்சம் இருக்கும்; அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் தீனி இல்லாமல் தாங்கும். பெட்டி வந்த காலையில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா என்னைத் தூரத்தில் கண்டதுமே சொல்லுவார்: "டீச்சரே, உங்க ஆளுக எறங்கியாச்சு. விடிய விடியப் பிரசங்கம். வேகம் கொண்டு போங்க, எனக்குத் தலை பெருக்குது."

எங்கள் சூப்பிரண்டு குரியன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டயத்துக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. பெட்டி பண்ணைக்கு வந்ததும் அந்த வெள்ளைக் கால்சட்டையோடு வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். பெட்டியைத் திறக்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு காதை அதன் பக்கம் சாய்ப்பார். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. டைரக்டரே வந்து நின்றாலும் காத்திருக்க வேண்டியதுதான். பிறகு கண்ணைத் திறந்து, பாதி மலையாளமும் பாதி தமிழுமாக எங்களைக் கேட்பார்: "எந்தா சொல்லுது?"

முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொஞ்ச காலத்தில் காது பழகியது. குளிர்ந்த குஞ்சு கூர்மையாக, விடாமல் கத்தும். சூடு அதிகமானால் சத்தம் குறைந்து, சிறகை விரித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். எல்லாம் சரியாக இருந்தால் சந்தையைத் தூரத்திலிருந்து கேட்பதுபோலச் சளசளவென்று ஒரு மெல்லிய பேச்சு. "அது கேட்டா நமக்கும் சோறு உண்ணலாம்" என்பார்.

பெட்டியைத் திறந்த பிறகும் தீனி கிடையாது, முதலில் தண்ணீர். வெதுவெதுப்பான தண்ணீரில் துளி கருப்பட்டி கரைத்து, ஒவ்வொரு குஞ்சாக எடுத்து அலகின் நுனியை நனைத்துவிட வேண்டும். ஒன்று நிமிர்ந்து விழுங்கினால் மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும். தண்ணீர் வைக்கும் தட்டில் கூழாங்கல் போட வேண்டும். இல்லாவிட்டால் அரை அங்குலத் தண்ணீரிலேயே விழுந்து நனைந்து செத்துப்போகும். தரையில் காகிதம் விரிக்கக்கூடாது. வழுக்கிக் கால் விரிந்துவிடும். சாக்குதான் நல்லது. இவ்வளவையும் அவர் உத்தரவாகச் சொன்னதே இல்லை. நான் காகிதம் விரித்திருப்பதைக் கண்டால், "லில்லி, நீ சோப்புத் தண்ணியில நடந்திட்டுண்டோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

அந்த வருஷம் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கும் நேரத்தில் கரமனையில் தேவதாஸ் என்பவர் வீட்டுக்கு ஒரு பெட்டி குஞ்சு கொடுத்தோம். தேவதாஸ் நாகர்கோவில் பக்கத்துக்காரர். பாண்டு வாத்தியக் குழுவில் யூஃபோனியம் வாசிப்பவர். கைக்குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்து ஊத வேண்டிய பெரிய பித்தளை வாத்தியம் அது. மனைவி ஞானம்மாள். மூத்தவள் மேரி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். இளையவன் பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தது. பிரசவத்தில் ஞானம்மாள் மிகவும் தளர்ந்துவிட்டாள். தினம் ஒரு முட்டை கொடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுத்தான் தேவதாஸ் எங்களிடம் வந்தார்.

நான் பெட்டியைக் கொண்டுபோய் இறக்கியதும் ஞானம்மாள் தாய்க்கோழியைத் தேடி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"தள்ளைக்கோழி எங்க டீச்சரே?"

"இதுக்குத் தள்ளை கிடையாதும்மா. மிஷின்ல பொரிச்சது."

"அப்பம் யாரு அணைச்சுக் கிடப்பா?"

"நீங்கதான்."

அவள் மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தாள், கதவோரம் நின்ற மேரியைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள். "முட்டை தின்னணும்னு சொன்னா, இவிய எனக்கு இன்னும் ஐம்பது பிள்ளைய கொண்டுட்டு வந்திருக்காவ" என்றாள். தேவதாஸ் பலமாகச் சிரித்தார். அவர் சிரிப்பும் அவர் வாத்தியத்தைப் போலவே அடிவயிற்றிலிருந்து வரும்.

அன்றைக்கே ஒரு பாடம் கிடைத்தது. வீட்டில் இரண்டே அறை. கூடத்தின் ஒரு மூலையில் பலகை தடுத்துக் குஞ்சுகளை விட்டிருந்தோம். நான் ஞானம்மாளோடு அடுப்படியில் குருணை நுணுக்கிக்கொண்டிருந்தேன். மாலையில் தேவதாஸ் வழக்கம்போலச் சாதகம் செய்ய உட்கார்ந்தார். முதல் ஊதலுக்கே சுவர் அதிர்ந்தது. குஞ்சுகள் பயந்து ஒரே மூலைக்கு ஓடி, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் குவிந்துவிட்டன. அப்படிக் குவிந்தால் அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் சாகும். நாங்கள் ஓடி வந்து இரண்டு கைகளாலும் அள்ளி அள்ளிப் பிரித்துவிட்டோம். நல்லவேளையாக எல்லாம் எழுந்து நடந்தன.

தேவதாஸ் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு குற்றவாளிபோல உட்கார்ந்திருந்தார். "நான் இனி ஆத்தங்கரைக்குப் போய் ஊதுகேன்" என்றார்.

"ஆத்தங்கரையில வண்ணாத்திய எல்லாம் ஏற்கெனவே உங்கள ஏசுகாவ" என்றாள் ஞானம்மாள்.

மறுநாள் குரியன் சாரிடம் சொன்னேன். "குஞ்சுக்கு ஓடாம இருக்கான் முடியில்ல. மூலை இருந்தாலல்லே அங்க கூடும்?" என்று கேட்டார். அதன்பிறகு மூங்கில் பாயை நிற்கவைத்து வட்டமாகச் சுற்றி, அதற்குள் குஞ்சுகளை விட்டோம். வட்டத்தில் ஒளிய மூலை இல்லை. ஓடினாலும் சுற்றித்தான் ஓடும். தேவதாஸும் ஒரு யோசனை செய்தார். ஆற்றங்கரைக்குப் போகவில்லை. முதல் நாள் வாத்தியத்துக்குள் மூச்சு மட்டும் விட்டார். அடுத்து, வாயை வைத்துக் கேட்டும் கேட்காமலும் ஒரே ஒரு ஸ்வரம். அப்படித் தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். ஒரு வாரத்தில் அவர் முழு மூச்சோடு கீர்த்தனை வாசிக்கும்போது குஞ்சுகள் அவர் பக்கத்துப் பாயோரம் படுத்துத் தூங்குவதை நானே பார்த்தேன்.

மேரிக்கும் ஒரு சட்டம் போட்டோம். குஞ்சைத் தொட வேண்டுமானால் தரையில் உட்கார வேண்டும், இரண்டு கையையும் கிண்ணம்போலக் குவிக்க வேண்டும், மடிக்கு மேலே தூக்கக்கூடாது, விட்டதும் கை கழுவ வேண்டும். அவள் அதை வேதபாட வசனம்போல மனப்பாடம் செய்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்துச் சொல்லவைத்தாள். பக்கத்து வீட்டுப் பூனைக்கு மட்டும் அந்தச் சட்டம் எட்டவில்லை. அதற்காக வட்டத்தின்மேல் பழைய மீன்வலையைப் போட்டுக் கட்டினோம். அது வலையின்மேல் ஏறி, நாலு காலும் வலைக்கண்ணில் மாட்டி, தொங்கிக்கொண்டே குஞ்சுகளைப் பார்த்ததைப் பார்த்துத் தெருவே சிரித்தது. பூனை பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

இனி அந்த வீட்டில் நடந்த கஷ்டமான சங்கதி.

சூட்டுக்கு நாங்கள் கொடுத்திருந்தது அரிக்கேன் விளக்கு. யுத்தத்தில் மண்ணெண்ணெய் அளந்துதான் கிடைக்கும். எண்ணெய் தீர்ந்தபோது வெந்நீர்ப் பானைக்கு மாறினோம். ஆனால் பானை ஆற ஆற மறுபடி வெந்நீர் போட்டு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளை பெற்ற உடம்போடு ஞானம்மாள் அதையும் செய்தாள். மழை வலுத்தது. கூடத்தில் ஒரு பக்கம் ஒழுகியதால் குஞ்சுகளை வட்டத்தோடு படுக்கை அறைக்கு மாற்றினார்கள். இது எனக்குத் தெரியாது. வெள்ளத்தில் வழியில்லாமல் நான் சில நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

மழை சற்றுக் குறைந்த ஒரு காலையில் போனேன். தேவதாஸ் அரண்மனையில் பாண்டு வாசிக்கப் போயிருந்தார். வாசல் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். பதில் இல்லை. காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. அத்தனை குஞ்சு இருக்கும் வீடு அப்படி அமைதியாக இருக்கவே முடியாது. குளிர்ந்தால் கத்தும், பசித்தால் கத்தும், சுகமாக இருந்தால் சளசளக்கும். இப்போது ஒன்றுமே கேட்கவில்லை. கதவைத் தள்ளினேன், தாழ் போடாததால் திறந்துகொண்டது.

கூடம் காலி. படுக்கை அறைக் கதவும் மூடியிருந்தது. திறந்ததும் வெதுவெதுப்பாக, அடைத்த காற்று முகத்தில் அடித்தது. சன்னல்களைச் சாத்தி இடுக்கில் துணி செருகியிருந்தார்கள். வட்டத்தின் நடுவில் ஒரு மண்சட்டியில் தேங்காய்ச் சிரட்டைக்கரி கனன்றுகொண்டிருந்தது. சுற்றிலும் குஞ்சுகள் கழுத்தை நீட்டிப் போட்டபடி கிடந்தன. பக்கத்துப் பாயில் ஞானம்மாள், அவள் அருகில் குழந்தை, காலடியில் மேரி.

"ஞானம்மா" என்று உலுக்கினேன். கண்ணைப் பாதி திறந்து, "தலை பிளக்குது டீச்சரே. சாரல்ல நனைஞ்சதாக்கும். கொஞ்சம் உறங்கிட்டு எழும்புகேன்" என்றாள்.

எனக்கு அதன் காரணம் அப்போது முழுவதும் தெரியாது. குஞ்சுகளைச் சாய்த்த ஏதோ ஒன்று இவர்களையும் சாய்க்கிறது என்பது மட்டும் தெரிந்தது. முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். துவண்டு கிடந்தான், உதட்டில் மூச்சு லேசாகப் பட்டது. "யாராவது வாங்க" என்று கூப்பிட்டேன். எதிர்வீட்டு மாதவி அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய் மேரியை இழுத்து வந்தேன். ஞானம்மாளை நடத்தித்தான் கொண்டுவர முடிந்தது; இரண்டடி வைத்தவள் வாசற்படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். கரிச்சட்டியைச் சாக்கால் பிடித்துத் தூக்கி முற்றத்து மழையில் போட்டேன். சுர்ரென்று அணைந்தது. சன்னல்களை எல்லாம் திறந்தேன்.

மாதவி அம்மா குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே, "கரயடா மோனே, ஒண்ணு கரய" என்று, ஒரு தடவை அழச் சொல்லி மலையாளத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். மழைச்சாரல் அவன் முகத்தில் விழுந்தது. முகத்தைச் சுளித்தான். பிறகு, முழு வீட்டுக்கும் கேட்கும்படி அழுதான். ஞானம்மாள் வாசற்படியில் இருந்தபடியே இரண்டு கையையும் நீட்டினாள். மாதவி அம்மா அவள் மடியில் குழந்தையைப் போட்டுவிட்டுத் தானும் உட்கார்ந்து அழுதாள். நான் அழ நிற்காமல் டாக்டரம்மாவை அழைத்துவர ஓடினேன்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். அடைத்த அறையில் கரி கனன்றால் அதிலிருந்து வாசனையே இல்லாத ஒரு விஷவாயு வரும், மழைக்காலத்தில் இப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறேன், காற்றில் உட்காரவையுங்கள், தெளிந்துவிடும் என்றார். மேரி தெளிந்து கேட்ட முதல் கேள்வி, "குஞ்சு?" என்பது. அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. பாயோடு இழுத்து வராந்தாவுக்குக் கொண்டுவந்தோம். சிறியவை என்பதால் விஷம் அவற்றைத்தான் முதலில் பிடித்திருந்தது. சில போய்விட்டன. மற்றவை காற்றுப் பட்டதும் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கின.

தேவதாஸ் பாண்டு உடுப்போடு நனைந்து ஓடி வந்தார். அவரிடம் ஞானம்மாள், "பிள்ளைக்கும் குஞ்சுக்கும் ஒண்ணா சூடு கிட்டட்டும்னு நெனச்சு வச்சேன்" என்றாள். அவர் அவளைத் திட்டவில்லை. குழந்தையை வாங்கி, வாத்தியத்தைப் பிடிப்பதுபோல நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் குரியன் சார் தாமே அந்த வீட்டுக்கு வந்தார். படுக்கை அறையில் வெகுநேரம் நின்றார். கரிச்சட்டியை வைத்திருந்த இடத்தைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார். வந்து ஞானம்மாளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, எண்ணெய் தீர்ந்துன்னு நீங்க யாரோட பறைஞ்சு?"

"யாருட்டயும் சொல்லல சார். எல்லாருக்கும் தட்டுப்பாடுதானே."

"அது எங்க தப்பு" என்றார். இலாகாவுக்குப் போய் யாரிடம் என்ன வாதாடினாரோ தெரியாது. குஞ்சு வாங்கும் வீடுகளுக்கு மண்ணெண்ணெய் தனியாகக் கிடைக்கத் தொடங்கியது. எங்களுக்கும் ஒரு புதிய முறை வந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் குஞ்சைப் பார்க்கும் முன்பு சன்னலைப் பார்க்க வேண்டும். மனிதர் தூங்கும் அறையில் குஞ்சு கூடாது, எந்த மூடிய அறையிலும் கரி கூடாது. நான் ஓய்வு பெறும்வரை ஒரு வீட்டிலும் இதைச் சொல்லாமல் படி இறங்கியதில்லை. வசந்தா, நீயும் சொல்லு.

பிழைத்த குஞ்சுகள் வெள்ளை வெளேரென்று வளர்ந்தன. மேரி ஒவ்வொன்றுக்கும் வேதாகமப் பெண்களின் பெயரை வைத்தாள். அதில் ரெபெக்காள் சேவலாகப் போனது. மழை ஓய்ந்து, கிறிஸ்துமஸ் நெருங்கும் சமயத்தில் எஸ்தர் முதல் முட்டையை இட்டது. அது சனிக்கிழமை. தேவதாஸ் வீட்டில் இல்லை. மறுநாள் அவர்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. வயலில் விளைந்த முதல் பலனைக் கோயிலில் படைத்து, ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். ஞானம்மாள் யாரிடமும் சொல்லாமல் அந்த முட்டையைக் கைக்குட்டையில் பொதிந்து காணிக்கைத் தட்டில் வைத்துவிட்டாள். என்னையும் குரியன் சாரையும் பண்டிகைக்கு அழைத்திருந்தார்கள்.

வாழைத்தார், தேங்காய், மரச்சீனிக் கிழங்கு எல்லாம் போனபிறகு உபதேசியார் முட்டையைத் தூக்கிப் பிடித்தார். "சுத்த வெள்ளை முட்டை, சீமை ஜாதி" என்றார். தேவதாஸ் அந்த வருஷம் முழுவதும் மனைவிக்காக முட்டை தேடி அலைந்தவர் அல்லவா? உடனே கேட்டார். குரியன் சாருக்கு வெள்ளை முட்டையைக் கண்டால் மதி மயங்கிவிடும், அவரும் கேட்டார். இருவரும் விடவில்லை. சபையார் இரண்டு கட்சியாகப் பிரிந்து உற்சாகப்படுத்தினார்கள். ஞானம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதைப் பார்த்து எனக்கு விஷயம் புரிந்தது. சாரின் காதில் மெதுவாகச் சொன்னேன். அவர் ஒரு கணம் தேவதாஸைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி ஒதுங்கிக்கொண்டார்.

தேவதாஸ் முட்டையை ஜெயித்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மனைவியின் உள்ளங்கையில் வைத்தார்.

"நல்ல முட்டை ஞானம். எந்த வீட்டுக் கோழின்னு தெரியல."

"நம்ம எஸ்தர் இட்டது" என்றாள்.

அவர் சிரித்த சிரிப்பில் முற்றத்துப் புறாக்கள் எழும்பிப் பறந்தன. மத்தியானம் அவர்கள் வீட்டிலேயே எங்களுக்குச் சாப்பாடு. ஞானம்மாள் அந்த முட்டையை அவித்து உரித்தாள். முழுவதும் நீதான் சாப்பிட வேண்டும் என்று எல்லாரும் சொன்னோம். அவள் கேட்கவில்லை. தையல் நூலை எடுத்து இழுத்துப் பிடித்து, குழந்தையைத் தவிர அங்கிருந்த எல்லாருக்கும் வருமாறு அறுத்தாள். மாதவி அம்மாவுக்கும் ஒரு துண்டு வாழையிலையில் எதிர்வீட்டுக்குப் போனது. என் பங்கு நகக்கண் அகலம்தான் இருந்தது. மிளகும் உப்பும் தொட்டு வாயில் போட்டுக்கொண்டேன்.